இருபத்தைந்தாயிரம் ரூபாயும் போக்கர் மேசையும்

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு போக்கர் ஆடுகிறேன். பெரும்பாலும் நான்தான் ஜெயிக்கிறேன். கையில் ₹25,000 சேர்த்து வைத்திருக்கிறேன். இதைச் சின்ன ஆட்டங்களில் போட்டுப் படிப்படியாகப் பெருக்கலாமா? ஆன்லைன் நல்லதா, கோவா போய் நேரில் ஆடுவது நல்லதா? ஒரு லட்சம் ஆக எவ்வளவு நாள் பிடிக்கும்?"

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். இன்றைய நிலையில் இந்த ₹25,000-ஐ வளர்க்க உங்களுக்கு ஒழுங்கான வழி எதுவும் இல்லை. ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதைச் சட்டம் மூடிவிட்டது. கோவா மேசையில் இந்தத் தொகை ஒரு தடவை உட்காரத்தான் காணும். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வலங்கைமான் பக்கத்துக்காரன், கும்பகோணத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். 2016-ல் ₹2,000 போட்டு ஆன்லைனில் ஆட ஆரம்பித்தேன். ஆடிய ஒவ்வொரு நாளையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கீழே சொல்வது அந்த நோட்டிலிருந்தும், அதை எழுத எழுதப் புரிந்த கணக்கிலிருந்தும் வருகிறது.

பேங்க்ரோல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். போக்கருக்கென்று தனியாக எடுத்து வைத்த பணம், போனால் வீட்டில் அடுப்பு அணையாது, அவ்வளவுதான் பலருக்குத் தெரியும். அது பாதிதான். ஒரு தடவை மேசையில் உட்காரக் கட்டும் தொகைக்குப் பை-இன் என்று பெயர். மீதிப் பாதி, உங்கள் பணம் எத்தனை பை-இன் தாங்கும் என்பது. சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் தொகைதான் பிளைண்ட். ₹1/₹2 மேசை என்றால் சின்ன பிளைண்ட் ₹1, பெரிய பிளைண்ட் ₹2. நூறு பெரிய பிளைண்ட் ஒரு பை-இன் என்று வைத்தால் ₹200. என் ₹2,000 பத்து பை-இன். அது போதும் என்று நினைத்தேன். மூன்றே வாரத்தில் ₹600-க்கு வந்து நின்றது. ஆட்டம் ஒன்றும் அத்தனை மோசமில்லை. பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பத்து பை-இன் என்பது நல்ல ஆட்டக்காரனையே சாதாரணமாகக் கவிழ்த்துவிடும் அளவு.

அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஹோல்டம் என்பது ஆளுக்கு இரண்டு சீட்டும் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டும் வரும் போக்கர் வகை. ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை. ஆறு பேர் ஆடும் ஹோல்டம் மேசையில் நூறு கைக்கு ஐந்து பெரிய பிளைண்ட் ஜெயிப்பவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அதே நூறு கையில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய தொண்ணூறு பெரிய பிளைண்ட். வரவு ஐந்து, ஏற்ற இறக்கம் தொண்ணூறு. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொஞ்ச நேரம் பாருங்கள். பத்தாயிரம் கை ஆடிய பிறகும் இவர் நஷ்டத்தில் இருக்க நூற்றுக்கு 29 வாய்ப்பு. ஒரு லட்சம் கை ஆடினால்தான் அது நூற்றுக்கு 4 ஆகக் குறைகிறது.

இவரிடம் இருபது பை-இன் இருந்தால், பணம் முழுக்கக் கரைந்துபோக நூற்றுக்கு எட்டு ஒன்பது வாய்ப்பு. நாற்பது பை-இன் இருந்தால் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. அதே ஆள் ஐந்துக்குப் பதில் இரண்டு பெரிய பிளைண்ட்தான் ஜெயிக்கிறார் என்றால்? இருபது பை-இன்னில் கரைந்துபோகும் வாய்ப்பு நூற்றுக்கு 37, நாற்பதில்கூட 14. "முப்பது பை-இன் வைத்துக்கொள்" என்று எல்லோரும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் நூறு கைக்கு எத்தனை ஜெயிக்கிறீர்கள் என்று தெரியாதவரை அந்த முப்பதுக்கு அர்த்தமே கிடையாது. ஜெயிக்காதவருக்கு முந்நூறு பை-இன்னும் கரையத்தான் கரையும், கொஞ்சம் மெதுவாக.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வருவோம். வாரம் மூன்று மணி நேரம், மணிக்கு இருபத்தைந்து கை, இரண்டு வருடம். மிஞ்சிப் போனால் ஏழாயிரத்து எண்ணூறு கை, அதுவும் அதே ஐந்தாறு பேரோடு. உங்கள் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை தம்பி. உங்களுக்குத் திறமை இருக்கிறதா என்று சொல்ல அத்தனை கை போதாது, அவ்வளவே. என் அப்பா ஒரு போக விளைச்சலை வைத்து எந்த வயலையும் மதிப்பிட மாட்டார். பக்கத்து வயல்காரர் ஒரு சம்பாவில் அமோகமாக எடுத்தால், "இன்னும் நாலு போகம் போகட்டும்" என்பார்.

ஆன்லைனுக்கும் நேருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். முகத்தைப் பார்க்கலாம், கை நடுங்குவதைக் கவனிக்கலாம் என்பதெல்லாம் அப்புறம். நேரடி மேசையில் டீலர் கலைத்துப் போட்டு, எல்லோரும் யோசித்து, சிப்ஸ் (காசுக்குப் பதில் வைக்கும் வில்லைகள்) எண்ணி முடிப்பதற்குள் மணிக்கு முப்பது கை வந்தால் பெரிது. ஆன்லைனில் ஒரு மேசையிலேயே எழுபது கை வரும். நாலு மேசை திறந்தால் 280. ஒரு லட்சம் கைக்கு ஆன்லைனில் ஏறக்குறைய 360 மணி நேரம், நேரில் 3,300 மணி நேரத்துக்கு மேல். தினம் எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் நானூறு நாளுக்கு மேல். கோவாவிலேயே குடியிருப்பவருக்கு அது நடக்கலாம். வருடத்துக்கு இரண்டு தடவை போகிறவர் தான் ஜெயிக்கிற ஆளா தோற்கிற ஆளா என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே ஆயுளை முடிக்கலாம்.

நேரடி ஆட்டத்துக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. எதிரே உட்காருபவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்க வந்தவர்கள். அதனால் நல்ல ஆட்டக்காரர் மணிக்கு ஐந்து பெரிய பிளைண்ட் வரை எடுக்க முடியும். ஆனால் அவரே மூன்று நாள் போய் முப்பது மணி நேரம் ஆடினால், பத்துப் பயணத்தில் ஏறத்தாழ மூன்றில் நஷ்டத்தோடுதான் ரயில் ஏறுவார்.

என் ஆன்லைன் நோட்டைத் திறந்து காட்டுகிறேன். முதல் கவிழ்ப்புக்குப் பிறகு சம்பளத்திலிருந்து எடுத்து ₹6,000 ஆக்கினேன். ₹1/₹2 மேசைக்கு முப்பது பை-இன். இரண்டு வருடத்தில் 1,60,000 கை. நூறு கைக்கு நாலு பெரிய பிளைண்ட் என்ற கணக்கில் லாபம் ₹12,800. நேரம் 570 மணி. மணிக்கு ₹22 வருகிறது, தம்பி. அப்போது நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாலே அதைவிட அதிகம் கிடைத்திருக்கும். சிறிய ஆட்டத்தில் பேங்க்ரோல் கட்டுவதன் உண்மையான முகம் இதுதான். அந்த இரண்டு வருடத்தில் நான் சம்பாதித்தது, எனக்கு நாலு பெரிய பிளைண்ட் வருகிறது என்ற ஒரு தகவல். அந்தத் தகவலை நம்பித்தான் ₹2/₹4-க்கும், பிறகு ₹5/₹10-க்கும் ஏறினேன். அங்கே நாலு இரண்டானது. மேலே போகப் போக எதிராளிகள் தேறுவார்கள், மேசை நடத்துபவர் ஒவ்வொரு கையிலும் தன் பங்காக எடுக்கும் ரேக்கும் கூடவே வரும்.

ஏறுவது பற்றி எல்லோரும் பேசுவார்கள். இறங்குவதுதான் கடினம். என் விதி: முப்பது பை-இன் சேர்ந்தால் ஒரு படி ஏறலாம், இருபதுக்குக் கீழே போனால் மறுபேச்சில்லாமல் ஒரு படி இறங்க வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அதை ஒரே ஒரு இரவு மீறினேன்.

2020 மாசி. சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருந்தோம். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்ததால் காய வைத்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். பகலெல்லாம் கிளறிக் காயப்போட்டு, ராத்திரிப் பனிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அப்பாவும் நானும் குவியல் பக்கத்திலேயே காவல். அப்பா சாக்கை விரித்துத் தூங்கிவிட்டார். நான் போனைத் திறந்தேன். ₹5/₹10 மேசை. கையில் இரண்டு ஏஸ். எதிராளி எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார், நானும் அதே அளவு போட்டுக் கால் செய்தேன். அவர் காட்டியது இரண்டு கிங். பொதுச் சீட்டில் முதல் மூன்றான ஃப்ளாப்பில் ஒன்றும் இல்லை, நாலாவதான டர்னில் ஒன்றும் இல்லை, கடைசியான ரிவரில் ஆர்ட்டின் கிங், அவருக்கு மூன்று கிங் ஆகிவிட்டது. நூற்றுக்குப் பதினெட்டு தடவை இப்படி நடக்கும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். முக்கால் மணி நேரம் கழித்து அதே மாதிரி இன்னொரு தடவை நடந்தது. இரண்டு பை-இன், ₹2,000. என் கணக்கில் அது தினமும் நடக்கக்கூடிய தொகை. ஆனால் அந்த நேரத்தில் அந்த எண் எனக்குத் தெரியவில்லை, அந்த கிங்தான் தெரிந்தது. ₹25/₹50 மேசையைத் திறந்தேன், விட்டதை ஒரே கையில் எடுத்துவிடலாம் என்று. விடியற்காலை நாலு மணிக்கு ₹11,000 போயிருந்தது. அப்பா எழுந்து, தார்ப்பாய் மேல் படிந்திருந்த பனித்தண்ணீரை உதறிவிட்டு, எதிர்க்கடையில் டீ வாங்கிவந்து கொடுத்தார். "தூங்கலியாடா?" என்றார். நெல் குவியலைப் பார்த்தேன். அந்த ₹11,000-க்கு எத்தனை மூட்டை என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

சீட்டு என்னை அந்த இரவு தோற்கடித்தது ₹2,000. மீதி ₹9,000 நானாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. இதைத்தான் டில்ட் என்கிறார்கள். ஆன்லைனில் இதற்கு மிக வசதி. அடுத்த மேசை ஒரு விரல் தூரத்தில் இருக்கிறது, பார்த்துக் கையைப் பிடிக்க யாரும் இல்லை. நேரடி மேசையில் எழுந்து, கவுன்டருக்குப் போய், பணம் கொடுத்துச் சிப்ஸ் வாங்கி வருவதற்குள் பாதி கோபம் அடங்கும். நேரடி ஆட்டத்துக்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண் இதற்குத்தான்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இது திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தது. 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்து மூடியது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை ரத்து செய்தது. ஆன்லைன் ரம்மிக் கடனில் குடும்பங்கள் அழிந்த செய்திகள் தொடர்ந்து வந்த பிறகு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022-ல் மீண்டும் சட்டம் கொண்டுவந்தார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது, ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே எடுத்துவிட்டது. காசு கட்டி, காசு எதிர்பார்த்து ஆன்லைனில் ஆடும் எதையும் யாரும் நடத்தக்கூடாது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். வங்கிகளும் அதற்கான பணப் பரிமாற்றத்தைச் செய்துதரக்கூடாது. ஆடுபவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. இந்திய நிறுவனங்கள் சில நாட்களிலேயே காசு மேசைகளை மூடிவிட்டன. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் சின்னத் தொகை வைத்திருப்பவன் தன் தரத்தைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே இடம் அது. ஆனால் எங்கள் தெருவிலேயே நகை அடகுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். அதனால் மூடியது தப்பு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

"ஆடுபவருக்குத் தண்டனை இல்லை" என்ற வரியைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் ஒருவர் வருவார். வெளிநாட்டு ஆப், அதில் தனிக் குழுவுக்குள் நுழைய ஒரு கிளப் கோடு, சிப்ஸுக்கு ஏஜென்ட், பணம் யுபிஐ-யில். தயவுசெய்து போகாதீர்கள். அப்படி ஒரு ஏஜென்டிடம் என் ₹18,000 நின்றது. ஒரு வாரம் "நாளைக்கு அண்ணே" என்றார், பிறகு எண்ணே உபயோகத்தில் இல்லை. யாரிடம் புகார் கொடுப்பது? அங்கே எதிரே உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் ஒரே அறையில் சீட்டைக் காட்டிக்கொண்டு ஆடினாலும் நமக்குத் தெரியாது. இன்னொன்று, ஏஜென்ட் உங்களுக்கு அனுப்பும் பணம் எங்கேயோ ஏமாற்றி எடுத்ததாக இருந்தால், சைபர் குற்றப் புகாரில் உங்கள் கணக்கு முடங்கும். சம்பளம் வரும் கணக்கு முடங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஊர்ப்பக்கம் நடக்கும் காசு ஆட்டத்தையும் விட்டுவிடுங்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் சீட்டுக்கச்சேரி புதிதல்ல, திண்ணையில் விடிய விடிய ஆடிய தலைமுறைகள் இருந்தன. ஆனால் லாட்ஜ் அறையிலோ தென்னந்தோப்பிலோ ஒருவர் இடம் கொடுத்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொண்டால், 1930-ம் வருடச் சூதாட்டச் சட்டப்படி போலீஸ் உள்ளே வரலாம். செய்தித்தாளில் பெயர் வரும் அவமானத்துக்கு எந்தப் பேங்க்ரோலும் ஈடாகாது.

மிச்சம் இருப்பது கோவா. போவது நமக்குச் சுலபம்தான். மாதாவைப் பார்க்க வரும் கோவாக்காரர்களை ஏற்றிக்கொண்டு வேளாங்கண்ணிக்கும் வாஸ்கோடகாமாவுக்கும் வாரம் ஒருமுறை ரயில் ஓடுகிறது, திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் ஏறலாம். பணஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில்தான் கேசினோக்கள் பல. 21 வயது முடிந்திருக்க வேண்டும். நான் போனபோது எனக்குக் கிடைத்த சிறிய மேசையே ₹100/₹200. ஒரு பை-இன் ₹20,000. முப்பது பை-இன் என்றால் ஆறு லட்சம். உங்கள் ₹25,000 அங்கே ஒன்றே கால் பை-இன். ஏஸும் கிங்கும் மோதும் ஒரே கையில் முடிந்துவிடும்.

அதற்கு மேல் வரி. சிப்ஸ் வாங்கும் தொகைக்கே ஜிஎஸ்டி உண்டு: 2023 அக்டோபர் 1 முதல் 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 40. அது உங்கள் பணத்திலிருந்து கழிகிறதா என்று உட்காருவதற்கு முன்பே கேளுங்கள். முழுக்கக் கழிந்தால் ₹25,000-க்கு ₹17,857 சிப்ஸ்தான். சீட்டாட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு வருமான வரி 30 சதவீதம், தோற்றதை அதில் கழிக்க முடியாது. ஒரு பயணத்தில் ₹60,000 ஜெயித்து, அடுத்த பயணத்தில் ₹50,000 தோற்றால், கையில் இருப்பது ₹10,000. கட்ட வேண்டிய வரி செஸ்ஸோடு ₹18,720. லாபத்தில் இருக்கும் ஆட்டக்காரர் வருடக் கடைசியில் நஷ்டத்தில் நிற்பார். கணக்கு எழுதுகிறவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன், போக்கர் பற்றிப் பேசுபவர்கள் பலர் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

ரேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர் ஆளுக்கு ₹20,000 என்றால் மேசையில் மொத்தம் ₹1,80,000. கைக்குச் சராசரி ₹200 எடுத்தாலும், மணிக்கு முப்பது கையில் ₹6,000. பத்து மணி நேரத்தில் மேசையிலிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு யாரிடமும் இல்லை. ஜெயிக்கிறவர் மற்ற எட்டு பேரையும் முந்தினால் போதாது, இதையும் முந்த வேண்டும்.

ஒரு லட்சம் எப்போது ஆகும் என்ற கேள்விக்கு நான் நாள் சொல்லாததற்குக் காரணம் இவ்வளவும்தான்.

என்ன செய்யலாம்? உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விடாதீர்கள். காசை மட்டும் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நாங்கள் புளியங்கொட்டையில் ஆடுகிறோம், ஆளுக்கு இருநூறு கொட்டை, அது நூறு பெரிய பிளைண்ட். போனால் போகட்டும் என்று கண்டபடி கால் செய்வார்கள் என்ற பயம் உங்களுக்கு வரும். முதல் வாரம் அப்படித்தான் நடந்தது. மூன்று மாதக் கணக்கைச் சுவரில் ஒட்டி, கடைசி இடத்தில் இருப்பவர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித்தர வேண்டும் என்று வைத்ததும் ஆட்டம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. காசில்லாத இலவச ஆப்களில் வாரத்துக்கு ஆயிரம் கை பழகலாம். அங்கே வரும் லாபத்தை நம்பாதீர்கள், ஃப்ளாப்பைப் பார்த்ததும் வாய்ப்பைக் கணக்கிடும் வேகத்துக்கு மட்டும் அது உதவும். நடுவில் குவிந்திருக்கும் பந்தயம் எதிராளி போட்டதோடு சேர்த்து 300 கொட்டை, நீங்கள் போட வேண்டியது 100 என்றால், நாலில் ஒரு தடவை ஜெயித்தால் போதும். ஃப்ளாப்பில் நாலு கிளாவர் வைத்திருந்தால், ரிவருக்குள் ஐந்தாவது வர நூற்றுக்கு 35. ஆனால் டர்னில் அவர் திரும்பவும் போட்டால் அந்த 35 முழுக்க உங்களுடையது கிடையாது. இந்த மாதிரி யோசனை மூச்சு விடுவது போல வர வேண்டும்.

₹25,000-ஐ வங்கியில் போட்டுவிடுங்கள். ஒரு வருடம் கழித்தும் ஆசை அடங்கவில்லை என்றால், கோவாவுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். போகும்போது அந்தப் பணத்தைத் திருவிழாச் செலவு மாதிரி செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போங்கள். ஏடிஎம் கார்டை வீட்டில் வைத்துவிடுங்கள்.

அதுவரை ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கைக்கும் நாலே விஷயம்: எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், என்ன சீட்டு, எவ்வளவு போட்டீர்கள், ஏன் போட்டீர்கள். முடிவை எழுத வேண்டாம். முதல் ஆயிரம் கை எழுதி முடித்ததும் "ஏன்" என்ற பத்தியை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பத்தி வெறுமையாக இருக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.